கோத்தகிரிக்கு முதல் தடவை போகிறீர்களா? பாஸ், பஸ், அறை, செலவு எல்லாம் படிப்படியாக

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரத்தில் ஏறிவிடலாம். முதல் தடவை போனபோது எங்களுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பாதையில் ஒரு குறையும் இல்லை. நீலகிரிக்குள் வண்டி நுழைய இணையத்தில் எடுக்க வேண்டிய அனுமதிச் சீட்டுதான் இ-பாஸ். கையில் இருந்த இ-பாஸில் ஒரு வண்டி எண், நாங்கள் உட்கார்ந்திருந்தது வேறு வண்டி. வாடகைக்குப் பேசியிருந்தவர் விடிகாலை ஐந்து மணிக்குக் கூப்பிட்டு, "அந்த வண்டி ரிப்பேருங்க, வேற வண்டி அனுப்பறேன்" என்றார். பாஸை மாற்ற வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் இருந்தவர் தணிவாகத்தான் கேட்டார்: "ஏனுங்க, பாஸ்ல ஒரு நம்பர் இருக்குது, வண்டில வேற நம்பர் இருக்குதுங்களே?" அங்கேயே புது பாஸ் எடுக்கலாம் என்று போனை எடுத்தால் ஓடிபி வரவில்லை. சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது. மறுபடி அடிவாரம் வரை இறங்கி, பாஸ் எடுத்து, திரும்ப ஏறினோம். எழுபது வயது அம்மா பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஒரே வளைவுகளை மூன்று முறை தாங்கிக்கொண்டார். இன்னொருவருடைய அம்மாவுக்கு அந்தக் காலை வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். அதற்குப் பிறகு இரண்டு தடவை போய்வந்துவிட்டோம், இரண்டும் சிரமமில்லாமல் நடந்தன.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

கோத்தகிரி நீலகிரியின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. இது பலருக்குத் தெரியாததால் தவறான மாதத்தில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். ஜூன், ஜூலையில் மேற்கே கூடலூர், பந்தலூர் பக்கம் மழை கொட்டும்போது இங்கே பெரும்பாலும் சாரலும் மேகமுமாகத்தான் இருக்கும். இங்கே மழை வெளுத்து வாங்குவது ஐப்பசி, கார்த்திகையில். 2009 நவம்பரில் இந்தப் பக்கம் ஏற்பட்ட மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அதனால் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை, வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகத் திட்டமிடாதீர்கள். போயே ஆக வேண்டுமென்றால் வானிலை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு, ரத்து செய்யக்கூடிய அறையாக எடுங்கள்.

ஏப்ரல், மே சீசன். மே முதல் வாரத்தை ஒட்டி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி நடக்கும், அழகாகவே இருக்கும். ஆனால் அமைதி தேடிப் போகிறவர்கள் அந்த இரண்டு மாதத்தை விட்டுவிடலாம். அறை வாடகை ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஊட்டிக்கு ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவது அந்தச் சமயத்தில் வழக்கம். அப்படியென்றால் ஊட்டியின் மொத்த நெரிசலும் உங்கள் ஊர் வழியாகத்தான் இறங்கும்.

என் கணக்கில் நல்ல காலம் ஜனவரி பொங்கலுக்குப் பிறகு மார்ச் முடிய. அடுத்தது ஆகஸ்ட், செப்டம்பர். கிழமை திங்கள் முதல் வியாழனுக்குள் இருக்கட்டும். சனி, ஞாயிறில் பார்த்த ஊரும் செவ்வாய்க்கிழமை பார்த்த ஊரும் ஒன்றல்ல.

2. சொந்த வண்டியா, பஸ்ஸா?

ரயிலிலும் அரசுப் பேருந்திலும் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. இந்த ஒரு வரி எனக்கு முன்பே தெரிந்திருந்தால் முதல் பயணம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. இரவு ஒன்பது மணி வாக்கில் சென்ட்ரலில் ஏறினால் காலை ஆறரைக்குள் மேட்டுப்பாளையம். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். சீசனிலும் நீண்ட விடுமுறையிலும் அன்றைக்கே தீர்ந்துவிடுகிறது, அதனால் தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கு உட்காருங்கள். டிக்கெட் கிடைக்காவிட்டால் கோயம்புத்தூர் வரை ஏதாவது ஒரு ரயிலில் வந்து, மேட்டுப்பாளையம் சாலை பேருந்து நிலையத்தில் பஸ் பிடிக்கலாம். மேட்டுப்பாளையத்தில் ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் பக்கம்தான். அங்கிருந்து கோத்தகிரிக்கு நாள் முழுக்க பஸ் உண்டு, ஆளுக்கு நூறு ரூபாய்க்குள் ஊர் போய்ச் சேரலாம்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். மேட்டுப்பாளையத்தில் காலையில் கிளம்பும் மலை ரயில் குன்னூர் வழியாக ஊட்டிக்குத்தான் போகும், கோத்தகிரிக்குப் போகாது. அதில் ஏற ஆசையென்றால் குன்னூரில் இறங்கி, அங்கிருந்து கோத்தகிரிக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம் பஸ்ஸில் வர வேண்டும். அதற்கும் வெகு நாள் முன்பே முன்பதிவு செய்தால்தான் இடம்.

முழங்கால் வலி உள்ளவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் வண்டி தேவைப்படும். மஞ்சள் போர்டு வண்டியாகப் பாருங்கள். தெரிந்தவரின் வெள்ளை போர்டு காரை வாடகை கொடுத்து எடுத்துப்போவது சட்டப்படி தவறு. மலையில் ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கிடைப்பதும் பெரும் சிக்கல்.

3. இ-பாஸ்: இதில் அவசரப்படாதீர்கள்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரி மாவட்டத்துக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். இதற்குக் கட்டணம் கிடையாது. "பாஸ் எடுத்துத் தருகிறோம்" என்று நூறு, இருநூறு கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள். அரசின் தளம் epass.tnega.org (இபாஸ் டாட் டிஎன்இஜிஏ டாட் ஆர்க்). தேடுபொறியில் தேடினால் வேறு தளங்களும் வரும், முகவரியை நீங்களே தட்டச்சு செய்வது நல்லது.

கைபேசி எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டு உள்ளே போனதும் முதலில் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கொடைக்கானலுக்கும் இதே தளம்தான், கை தவறி அதைத் தொட்டுவிடாதீர்கள். அப்புறம் பெயர், வண்டி எண், வண்டியின் வகை, எரிபொருள், எத்தனை பேர், வரும் தேதி, போகும் தேதி, தங்குமிடம் போன்ற விவரங்கள் கேட்கும். ஆர்.சி. புத்தகத்தை எதிரே வைத்துக்கொண்டு நிரப்புங்கள். வண்டி எண்ணில் ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு வண்டி.

வாடகை வண்டியில் போகிறவர்கள் செய்ய வேண்டியது இது: முந்தின நாள் சாயங்காலம் ஓட்டுநருக்கு போன் செய்து, நாளைக்கு வரப்போகும் வண்டியின் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதை உங்கள் பாஸோடு ஒத்துப்பாருங்கள். வண்டி மாறினால் கிளம்பும் முன்பே, உங்கள் வீட்டு வாசலில் நல்ல சிக்னல் இருக்கும்போதே புது பாஸ் எடுத்துவிடுங்கள். பாஸைப் படமாகச் சேமித்துவைப்பதோடு தாளிலும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

சீசனில் இன்னொரு சங்கதி. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை, மாவட்டம் முழுவதற்குமாக வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று நீதிமன்றம் வரம்பு வைத்தது. இப்படி வரம்பு இருக்கும் காலத்தில், நீங்கள் கேட்கும் நாளின் எண்ணிக்கை முடிந்துவிட்டால் பாஸ் கிடைக்காது. அதனால் பாஸ் கையில் வந்த பிறகே அறைக்கு முன்பணம் கட்டுங்கள். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்து பணத்தை இழக்கிறார்கள். இரு சக்கர வண்டியில் வருகிறவர்களும் பாஸை எடுத்து வைத்துக்கொள்வதுதான் நிம்மதி.

மைசூரிலிருந்து வருகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும்.

4. பையில் என்ன இருக்க வேண்டும், என்ன கூடாது

பெரியவர்கள் எல்லோருக்கும் அசல் ஆதார், கூடவே ஒரு ஜெராக்ஸ். விடுதியில் ஒவ்வொருவருடைய அடையாள அட்டையையும் கேட்பார்கள். குடும்பத்தில் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் இருந்தால் பாஸ்போர்ட்டும் விசா பக்கமும் வேண்டும். அவரைத் தங்கவைக்க முடியுமா என்று விடுதியில் முன்பே கேட்டுவிடுங்கள், சில சின்ன விடுதிகள் மறுத்துவிடும். வண்டிக்கு ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, உரிமம்.

நீலகிரியில் பிளாஸ்டிக் தடை ஏட்டளவில் இருப்பதல்ல. சோதனைச்சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில், கேரி பேக், பிளாஸ்டிக் தட்டு, கப் எல்லாவற்றையும் வாங்கிவைத்துவிடுவார்கள், அபராதமும் உண்டு. எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். சாலையோரத்தில் தண்ணீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள், அதற்குச் சில்லறை நாணயம் வேண்டும். வாந்தி வருமென்று நாம் கையோடு எடுத்துப்போகும் பிளாஸ்டிக் கவர்கூட இதில் சேரும். காகிதப் பையை இரண்டாக அடுக்கி எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு ஒரு எலுமிச்சையும் கொஞ்சம் இஞ்சி மிட்டாயும் போதுமாக இருந்தது.

மார்ச்சிலும் ராத்திரி குளிரும். ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், காதை மூட ஒரு குல்லா, வழுக்காத காலணி. தினமும் சாப்பிடும் மாத்திரைகளை இரண்டு நாளுக்குக் கூடுதலாக எடுத்துவையுங்கள்.

5. அறை எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள்

"கோத்தகிரியில் தங்குமிடம்" என்று போட்டிருப்பார்கள். போய்ப் பார்த்தால் பேருந்து நிலையத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கும். இடம் அழகுதான், ஆனால் வண்டியில்லாமல் போனவர்கள் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் தவிக்க வேண்டும். அதனால் போனில் இதையெல்லாம் கேட்டுவிடுங்கள்: பேருந்து நிலையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர்? கடைசி அரை கிலோமீட்டர் கார் போகுமா, ஜீப்தான் போகுமா? எத்தனை படி ஏற வேண்டும்? வெந்நீர் நாள் முழுக்க உண்டா, காலையில் மட்டுமா? ராத்திரிச் சாப்பாடு கிடைக்குமா? கூடுதல் கம்பளிக்குக் காசு உண்டா?

படிக்கட்டுக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். மலையில் வீடுகள் சரிவில் கட்டியவை. சாலையிலிருந்து நாற்பது படி இறங்கித்தான் எங்கள் முதல் அறை இருந்தது. படத்தில் அது தெரியவில்லை.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. குளிருக்கென்று அறைக்குள் கரி அடுப்போ கணப்போ வைத்துக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். கரிப்புகையில் வாசனையே தெரியாமல் மூச்சு அடங்கிவிடும். மலை ஊர்களில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. விடுதிக்காரரே கொண்டுவந்து கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இன்னொரு கம்பளி கேளுங்கள்.

6. ஏறும் வழி

மேட்டுப்பாளையத்தில் சாப்பிட்டு, கழிப்பறை போய், வண்டிக்கு எண்ணெய் போட்டு, பாஸை இன்னொரு முறை பார்த்துவிட்டு ஏறுங்கள். குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். கோத்தகிரிப் பாதை அந்த அளவுக்குச் சுற்றாது, வயிற்றைப் பிரட்டுவதும் குறைவு. ஆனால் இரண்டு பக்கமும் காடு. குஞ்சப்பனை, முள்ளூர் பகுதியில் பலாப்பழம் பழுக்கும் மாதங்களில் யானைகள் சாலைக்கே வந்துவிடும். யானை நின்றால் தூரத்திலேயே வண்டியை நிறுத்துங்கள், ஹாரன் அடிக்காதீர்கள், கீழே இறங்காதீர்கள். செல்பிக்காக இறங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன், பார்த்த எனக்கே கை நடுங்கியது.

மலையில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள். வளைவில் முந்தாதீர்கள். பகல் வெளிச்சத்திலேயே ஏறி முடியுங்கள்.

7. போய்ச் சேர்ந்த பிறகு

முதல் நாள் எங்கும் போகாமல் இருந்து பாருங்கள். இரண்டாவது பயணத்தில் அப்படித்தான் இருந்தோம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பறித்த இலையை மூட்டை கட்டிச் சாலையோரம் அடுக்கிவைத்திருந்தார்கள். எடை போடும் வண்டி வந்து நின்றது. ஒரு அக்கா தராசுக் கொக்கியில் மூட்டையை மாட்டிவிட்டு, முள் நிற்கும்வரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை இலை வாசனை கையில் ஒட்டிக்கொள்வது போல இருந்தது. அம்மா அந்தத் திண்டிலேயே இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். ஊட்டி பார்க்கவில்லையே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காலையில் கோடநாடு காட்சிமுனை. ஊரிலிருந்து 18 கிலோமீட்டர். இதற்குக் காலை நேரம்தான் சரி. மதியத்துக்கு மேல் மேகம் ஏறிவிட்டால் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. தெளிவாக இருக்கும் நாளில் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கும், தூரத்தில் பவானிசாகர் அணையின் தண்ணீரும் தெரியும். பஸ் உண்டு, ஆனால் அடிக்கடி இல்லை. இறங்கும்போதே நடத்துநரிடம் திரும்பும் பஸ் எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊருக்குள் டாக்சி பேசினால் போக, வர, அங்கே காத்திருக்க எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகப் பேசிவிடுங்கள்.

லாங்வுட் சோலை ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர்தான். 116 ஹெக்டேர் பழைய காடு, 2024-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. நேராகப் போய் நுழைய முடியாது. கோத்தகிரி வனச்சரக அலுவலகத்தில் முதல் நாளே போய் அனுமதி கேளுங்கள். மழை பெய்திருந்தால் அட்டை இருக்கும், உப்புப் பொட்டலம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பேச்சைக் குறைத்தால் குருவிகளின் சத்தம் கேட்கும். அதற்காகவே போக வேண்டிய இடம் அது.

கேத்தரின் நீர்வீழ்ச்சி அரவேனு பக்கம். பாறை வழுக்கும், பெரியவர்களோடு போகிறவர்கள் தூரத்திலிருந்து பார்த்துத் திரும்பலாம்.

இருட்டிய பிறகு நடந்து சுற்றாதீர்கள். கரடியும் காட்டெருமையும் வீட்டுப் பக்கமே வரும் ஊர் இது. காலை ஆறரை மணிக்கு எங்கள் அறைக்குக் கீழே கேரட் பாத்தியில் ஒரு காட்டெருமை நின்றது. முதுகிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. விடுதிக்காரர் சத்தம் போடாமல் கதவைச் சாத்திவிட்டு, "அதுவா போயிடுங்க, ஒரு அரை மணி நேரம் பொறுங்க" என்றார். பொறுத்தோம், போய்விட்டது.

தேயிலைத் தோட்டங்களுக்குள் படம் எடுக்க இறங்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலானவை சிறு விவசாயிகளின் நிலம். இங்குள்ள படுகர் மக்களின் ஹட்டிகளிலும் (ஊர்களிலும்) கோத்தர் பழங்குடியினரின் ஊரிலும் கோயில் இருக்கும் பக்கம் அனுமதியில்லாமல் போகாதீர்கள், செருப்போடு போகவே கூடாது.

8. செலவு எவ்வளவு ஆகும்?

எங்கள் இரண்டாவது பயணக் கணக்கைச் சொல்கிறேன். நாலு பேர், இரண்டு இரவு, பிப்ரவரி மாதம், வார நாள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நாலு பேருக்கு ஒரு பெரிய அறை, ஒரு இரவுக்கு 2,400 ரூபாய். சாப்பாடு நாளைக்கு 1,500-க்குள் முடிந்தது. டாக்சிக்கு ஒரு நாள் மட்டும் 2,200. ரயில் டிக்கெட் தவிர மொத்தம் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டவில்லை. முதல் பயணத்தில் மே மாதம், வாடகை வண்டி என்று இதைப்போல் இரண்டரை மடங்கு ஆனது, பார்த்தது குறைவு.

பணமாக இரண்டாயிரமாவது கையில் வைத்திருங்கள். நெட்வொர்க் இல்லாத இடத்தில் ஜிபே வேலை செய்யாது. சொந்த வண்டியில் வருகிறவர்களிடம் பசுமை வரி என்று ஒரு சிறு தொகை வாங்குவார்கள், ரசீதைக் கேட்டு வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கி வருவதற்கு வர்க்கியும் (மொறுமொறுப்பான பேக்கரிப் பண்டம்) தேயிலையும் போதும். வர்க்கியை அன்றைக்குச் சுட்டதாகக் கேட்டு வாங்குங்கள். தேயிலையை மூட்டையாக வாங்குமுன் நூறு கிராம் வாங்கி அறையில் போட்டுப் பாருங்கள். நம் வீட்டுப் பால் டீக்குத் தூள்தான் சரிவரும். விலை கூடிய இலைத்தூள் பாலில்லாமல் குடிப்பவர்களுக்கு.

9. இறங்கும் நாள்

மேட்டுப்பாளையத்திலிருந்து சென்னை ரயில் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் என்பதால் ஆறரைக்குக் கிளம்பினால் போதும் என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். மாலையில் பனி இறங்கினால் பஸ் ஊர்ந்துதான் வரும். சீசனில் ஊட்டி வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். நாலு மணிக்குள் கோத்தகிரியை விட்டுவிடுங்கள். மிச்ச நேரத்தை மேட்டுப்பாளையத்தில் சாப்பிட்டுக் கழிக்கலாம்.

சொந்த வண்டியில் இறங்குகிறவர்கள் இரண்டாவது கியரில் இறங்குங்கள். எண்ணெய் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது மலையில் மிக ஆபத்தான பழக்கம். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகல் வாடை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டி, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். பாஸில் போட்ட திரும்பும் தேதிக்கு மேல் தங்க முடிவு செய்தால், விடுதியில் சிக்னல் இருக்கும்போதே புது தேதிக்கு இன்னொரு பாஸ் எடுத்துவிட்டுத் தங்குங்கள்.